வைசர் கீறலைத் தேய்த்து எடுக்கலாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹெல்மெட் வைசரில் கீறல் விழுந்தால் டூத் பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். டூத் பேஸ்ட் வேண்டாம். தேய்ப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைசர் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தடிமன் பெரும்பாலும் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கல் பறந்து வந்து அடித்தாலும் கண்ணாடி மாதிரிச் சில்லு சில்லாகத் தெறிக்காது. ஆனால் மேல்பரப்பு மிருது. லேசாக உரசினாலே கோடு விழும். அதனால் வெளிப்பக்கத்தில் சில மைக்ரான் கனத்துக்கு ஒரு கடினப் பூச்சைக் கொடுக்கிறார்கள். பல வைசர்களில் மூச்சுக்காற்றின் ஆவி படியாமலிருக்க உள்பக்கத்திலும் தனியாக ஒரு பூச்சு உண்டு. கீறலை எடுப்பது என்றால், கீறலைச் சுற்றியுள்ள பரப்பை அதன் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குவது என்று பொருள். அந்தக் கடினப் பூச்சும் கூடவே போய்விடும். தேய்த்த இடம் இன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அடுத்த கீறல் அங்கேதான் முதலில் விழும்.

முதலில் அது கீறல்தானா என்று பாருங்கள். காய்ந்துபோன பூச்சி, மழைத்துளியின் உப்புக் கறை, தார்ப்புள்ளி எல்லாமே வெளிச்சத்தில் கீறல் போலத் தெரியும். பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வைசர்மேல் 10 முதல் 15 நிமிடம் போர்த்தி வையுங்கள். பிறகு வைசரைக் கழற்றி, ஒரு கிண்ணம் நீரில் இரண்டு மூன்று சொட்டு குழந்தை ஷாம்பு விட்டு, விரல் நுனியால் மட்டும் தடவிக் கழுவுங்கள். ஓடும் நீரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கீறல் என்று நினைத்தது பல நேரம் இதிலேயே காணாமல் போய்விடும்.

மிஞ்சியதன் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். எந்தப் பாலிஷாலும் தீராது. மாட்டாத மெல்லிய கோடாக இருந்தாலும், நேர்ப்பார்வை படும் இடத்தில் இருந்தால் கை வைக்காதீர்கள். அங்கே ஒரு சிறு குழிவு விழுந்தால்கூட அது வில்லை போல வேலை செய்து, எதிரே வரும் விளக்கை நெளித்துக் காட்டும். உள்பக்கத்தையும், பின்லாக் தகட்டையும் (ஆவி படியாமலிருக்க வைசரின் உள்பக்கம் பொருத்தும் கூடுதல் தகடு), முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு உள்ள வைசரையும் தேய்க்கவே கூடாது. கறுப்பு வைசராக இருந்தால் விளிம்பைப் பாருங்கள்: நிறம் தடிமன் முழுக்க ஊறியிருந்தால் தேய்க்கலாம், மேலோடு மட்டும் இருந்தால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும்.

ஆக, தேய்க்கத் தகுந்தது வெளிப்பக்கத்தில், ஓரமாக, நகத்துக்குத் தட்டுப்படாத கோடு மட்டுமே. பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் பாலிஷும், சுத்தமான இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் போதும். துண்டு ஒன்றைச் சுருட்டி வைசரின் வளைவுக்கு அடியில் கொடுங்கள். அழுத்தும்போது வைசர் வளையாமல் இருக்கும். பட்டாணி அளவு பாலிஷை எடுத்து, விரல் பாரத்துக்கு மேல் அழுத்தாமல், ஒரு முறை குறுக்காகவும் மறுமுறை நெடுக்காகவும் தேய்க்க வேண்டும். கோட்டின்மேல் மட்டும் தேய்த்தால் பள்ளம்தான் விழும். சுற்றிலும் 3 சென்டிமீட்டராவது சேர்த்துத் தேய்த்து, ஓரம் போகப் போக அழுத்தத்தைக் குறையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். மூன்று சுற்றுக்கு மேலும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். டிரில் மெஷினில் பஞ்சு வட்டை மாட்டி ஓட்டும் யோசனை வேண்டாம். ஒரே இடத்தில் சூடேறிப் பிளாஸ்டிக் இளகி இழுபட்டுவிடும்.

டூத் பேஸ்ட்டுக்கு வருவோம். அதிலுள்ள அரைப்புத் துகள்கள் பல்லின் எனாமலைக் கணக்கில் வைத்துச் சேர்த்தவை. பாலிகார்பனேட் அதைவிட எவ்வளவோ மிருது. ஒரு பெரிய கோட்டைத் தேடிப் போய் நூறு நுண்கோடுகளோடு திரும்புவதுதான் மிச்சம். பகலில் அது தெரியாது. இரவில் விளக்கைச் சுற்றி மங்கலான வளையமாக எழும்பும். மெழுகு, மரச்சாமான் பாலிஷ் போன்றவை கோட்டை நிரப்பி மறைக்கும், அவ்வளவுதான். மழை வந்தால் நீரோடு சேர்ந்து இழுகும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகியவற்றை வைசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மாட்டும் கொக்கியைச் சுற்றி ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக், இவை பட்டதும் நரம்பு நரம்பாக வெடிக்கும்.

வேலை முடிந்ததும் வைசரைக் கைநீளத்தில் பிடித்து, கதவு நிலையின் நேர்க்கோட்டை அதன் வழியே பார்த்தபடி மெல்ல நகர்த்துங்கள். கோடு நெளிந்தால் அந்த இடம் பள்ளமாகியிருக்கிறது. பிறகு இருட்டறையில் நாலு மீட்டர் தள்ளிப் போனின் டார்ச்சை எரியவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். விளக்கிலிருந்து கதிர்கள் நீண்டாலோ ஒளிவளையம் தெரிந்தாலோ அந்த வைசர் இரவு ஓட்டத்துக்கு ஆகாது, மாற்றிவிடுங்கள். வைசரின் ஓரத்தில் மாடல் எண் அச்சாகியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வந்தால் ஒத்த வைசரைத் தேட எளிது.

ஒன்று மட்டும் பாக்கி. கீறல்கள் மேலிருந்து கீழாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் துடைத்ததால் வந்தவை அல்ல. நெற்றிப் பகுதியில் வைசர் உரசும் ரப்பர் பட்டையில் மணல் சிக்கியிருக்கும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அது கோடு போடும். அந்த ரப்பரை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் புது வைசரை மாட்டுங்கள்.

அன்புடன்,
ஹெல்மெட் பராமரிப்புப் பிரிவு