கிரவல் ரோட்டைச் சைக்கிளுக்குத் திறந்துவிடுங்கள், முதலில் லயத்துப் பிள்ளைகளுக்கு

மதிப்புக்குரிய பெருந்தோட்டக் கம்பனி நிர்வாகிகளுக்கும், நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மலையகத்தில் சைக்கிள் பாதைக்காக ஒரு அடி நிலம்கூடப் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் எங்கள் பாட்டன் பூட்டன்மார் வெட்டிய தோட்டத்து ரோடுகள் இன்னும் கிடக்கின்றன. டிவிசனிலிருந்து (தோட்டத்தின் ஒரு பிரிவு) டிவிசனுக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை), ஒரு மலையின் இடுப்பைச் சுற்றி அடுத்த மலைக்கு என்று போகிற அந்த கிரவல் (சரளைக் கல்) ரோடுகளில் கொழுந்து லொறி ஒன்றிரண்டு, ஒரு டிராக்டர், எப்போதாவது ஒரு ஆட்டோ தவிர நாள் முழுக்க வேறு வாகனம் வராது. அவற்றில் பொருத்தமானவற்றைத் தெரிந்தெடுத்து, வெளி வாகனம் வராத சைக்கிள் வழிகளாக அறிவியுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த வழிகள் முதலில் அங்கே லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழும் சனத்துக்குத் திறக்க வேண்டும், பிறகு சுற்றுலாப் பயணிக்கு.

பிரதான வீதிகளில் சைக்கிள் ஓட்டச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக வரும் ஏ7 வீதியானாலும், கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியானாலும், வளைவுக்கு வளைவு பஸ்கள் முந்திக்கொண்டு வருகின்றன. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ். பெரிய வாகனத்துக்குள் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், ஓரத்தில் போகிற சைக்கிளுக்கு என்ன பாதுகாப்பு?

தோட்டத்து ரோடுகளின் சங்கதி வேறு. பழைய கார்ட் ரோடுகள் மாடு இழுக்கும் வண்டிக்காக வெட்டப்பட்டவை. தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டியை மாடு இழுக்க வேண்டும் என்பதால், ஏற்றத்தை நீட்டி நீட்டி, மலையைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். அந்தச் சரிவு இன்று சைக்கிள்காரருக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. 40 மில்லிமீற்றருக்கு மேல் அகலமான டயரும், கொஞ்சம் குறைத்த காற்றும், ஏற்றத்துக்கான சின்ன கியரும் இருந்தால் போதும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய தோட்டங்களுக்குள் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் தேயிலை மட்டமாக ஏறுகிறது, மறுபக்கம் தண்ணீர், வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் சிவனொளிபாதமலை. கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சுச் சத்தம் மேலே இருந்து கேட்கும், ஹோர்ன் சத்தம் கேட்காது. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் தேடி வருவது இப்படியான ரோட்டைத்தான்.

ஆனால் அந்த ரோடுகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கிரவல் ரோட்டின் முதல் எதிரி தண்ணீர். மேட்டுப் பக்கத்துக் கானில் (வடிகால்) மண்ணும் குப்பையும் விழுந்து மூடிக்கொண்டால், மழைத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறிவிடும். ஒரு பருவ மழை போதும். டயர் தடத்தில் வாய்க்கால் விழுந்து, செம்மண்ணும் சின்னக் கல்லும் அடித்துப்போய், அடியில் கிடந்த தலைப்பருமன் கருங்கல் பல்லை இளிக்கும். அப்புறம் டிராக்டரே திணறும். ஒரு காலத்தில் கான் வெட்டவும் மதகு துப்புரவாக்கவும் தோட்டத்தில் தனியாக ஆட்களுக்குப் பேர் (ஒரு நாள் சம்பளம்) போடுவார்கள். இப்போது கொழுந்து எடுக்கவே ஆள் இல்லை என்கிறீர்கள், கான் வேலையைக் கடைசியில் தள்ளிவிடுகிறீர்கள். மலைச்சரிவில் குடியிருக்கும் சனத்துக்கு மழைத் தண்ணீரை எங்கே திருப்பிவிடுகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகவே எந்த ரோட்டில் கை வைப்பதென்றாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் சரிவு பற்றிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புல்டோசரால் மேட்டைச் செதுக்கி ரோட்டை அகலமாக்கும் வேலை இதற்கு வேண்டவே வேண்டாம். கான், மதகு, கல் அடுக்கு, மேலே நடு உயர்ந்த கிரவல் படை ஆகியவை போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சைக்கிள்காரருக்குக் கிரவல் பிடிக்கும் என்பதற்காக லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் ரோட்டைக் கிரவலாகவே விட்டுவிடாதீர்கள். நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்ற, 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் மேல் டிவிசன் வரை வந்து சேர வேண்டும். அந்த ரோடுகளுக்குக் கொங்கிரீட்டோ தார்க் காபட்டோ போடுங்கள், அது எங்களுக்கு நீங்கள் நீண்டகாலமாகத் தீர்க்க வேண்டிய கடன். மலைகளுக்கு நடுவே, டிவிசன்களுக்கு இடையே, காட்டோரமாகப் போகிறவற்றை மட்டும் நல்ல கிரவலாகப் பராமரித்தால் சரி. தடை என்பதும் வெளியிலிருந்து வரும் கார், வான், ஜீப்புக்குத்தான். தோட்டத்து ஆட்டோவும் கொழுந்து லொறியும் எப்போதும்போல ஓடட்டும்.

கேற்றைப் பற்றியும் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், வழிகாட்டியோடு வரும் வெளிநாட்டுக்காரருக்குக் காவல்காரர் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறார். அதே ரோட்டால் டியூசனுக்குச் சைக்கிளில் போன பக்கத்து டிவிசன் பையன்களைத் திருப்பி அனுப்புகிறார். காவல்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு மேலிடத்து உத்தரவு. இது மாற வேண்டும். 1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளின் கைக்கு வந்தது. நீங்கள் குத்தகைக்காரர்கள், காணி பொதுச் சொத்து. பிரதேச சபைகளும் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதே அந்தக் கதவைத் திறப்பதற்குத்தான். அந்தத் திருத்தத்துக்காக எத்தனை பேர் எத்தனை வருடம் கத்தினார்கள்!

முன்மாதிரியும் கண்முன்னே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும் அமெரிக்க உதவியோடும் உருவான பீக்கோ டிரெயில், கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர வழியாக, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். நடப்பவர்களை மனதில் வைத்து அமைத்த வழி அது. புது ரோடு வெட்டாமல், இருக்கும் வழியை அடையாளமிட்டே இவ்வளவு செய்யலாம் என்று காட்டிவிட்டார்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நியூசிலாந்தில் ஒட்டாகோவில் 1990இல் மூடிய ரயில் பாதையை 2000ஆம் ஆண்டில் கிரவல் சைக்கிள் வழியாகத் திறந்தார்கள். 150 கிலோமீற்றர் தூரம் அது. வழியிலுள்ள சின்ன ஊர்களின் தங்குமிடங்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அதனால் பிழைப்பு. இங்கேயும் அந்த வருமானம் பங்களாக்களை ஹோட்டலாக மாற்றியவர்களோடு நின்றுவிடக் கூடாது. லயத்து வீட்டில் ரொட்டியும் சம்பலும் பிளேன்ரீயும் விற்கும் அக்காவுக்கும், டியூப் ஒட்டத் தெரிந்த தம்பிக்கும் போய்ச் சேர வேண்டும்.

வெளியார் வந்தால் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு, அவற்றைப் பலகையில் மூன்று மொழியிலும் எழுதிப் போடுங்கள். குளவிக் கூடு இருக்கும் மரத்தடியில் நிற்கக் கூடாது, ட்ரோன் விடக் கூடாது. குளவி கொட்டுவது சைக்கிள்காரரை மட்டுமல்ல, நிரையில் நிற்கும் தொழிலாளியையும்தான். அந்தி சாய்ந்த பிறகு காட்டோரத்தில் சிறுத்தை நடமாடும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை அடிக்கும், ஊவாப் பக்கம் அப்போது காய்ந்திருக்கும். ஜனவரிக்குப் பிறகு ஹட்டன் பக்கம் ஓடலாம். காலம் பார்த்து வழி பிரித்தால் வருடம் முழுக்க ஏதாவது ஒரு பக்கம் திறந்திருக்கும்.

முதல் அடியாக, நோர்வூடுக்கும் பொகவந்தலாவைக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் ஒரு சுற்று வழியைத் தெரிந்தெடுங்கள். சபையும் கம்பனியும் அந்தந்த டிவிசன் ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து, எந்த ரோடு, யார் பராமரிப்பது, கான் வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்பதை எழுத்தில் வையுங்கள். அந்த வேலை டிவிசன் இளைஞர்களுக்கே போகட்டும், கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனவர்களில் சிலராவது திரும்பி வருவார்கள். வெளியாரிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பாடசாலைகளுக்குச் சைக்கிள் வாங்குங்கள். தோட்டத்தில் குடியிருப்பவரிடம் எந்தக் கட்டணமும் வாங்காதீர்கள், அடையாள அட்டையும் கேட்காதீர்கள். கானும் மதகும் மே மழைக்கு முன் துப்புரவாக வேண்டும். ஆகவே இந்த வருட வரவு செலவுத் திட்டக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள். வழிகளைச் சுற்றிக் காட்ட, வரைபடம் போட, பலகைக்கு எழுத்து எழுத, எங்களில் பலர் சம்பளமில்லாமல் வரத் தயார்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து, சைக்கிள் ஓட்டும் ஒரு தோட்டத்துப் பிள்ளை