2029 ஏப்ரல் விண்கல் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதாமல் வந்திருந்தாள். ஆசிரியை ஏன் என்று கேட்டதற்கு, "2029ல கல்லு விழுந்து எல்லாரும் செத்துடுவோமாமே மிஸ், அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்றாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்த நாளில் தனக்கு என்ன வயது, தம்பிக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தம்பியின் பெயருக்கு நேராக ஏழு என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விசாரித்தால், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் பல வீடுகளில் ஓடியிருக்கிறது. அதில் சொல்லும் கல் உண்மையானது. நம் பக்கம் வரப்போவதும் உண்மை. மோதும் என்பதுதான் பொய்.

அபோபிஸ் என்ற அந்தச் சிறுகோள் (சூரியனைச் சுற்றிவரும் பாறை) 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டது. குறுக்களவு சுமார் 340 மீட்டர். 2029 ஏப்ரல் 13 நள்ளிரவு தாண்டி, நம் கடிகாரத்தில் 14ஆம் தேதி அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில், தமிழ்ப் புத்தாண்டு விடிவதற்குள், தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும். நம் வீட்டு டிஷ் ஆண்டெனா பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. அதைவிடக் கிட்டே வருகிறது என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இடைவெளியில் இரண்டரை பூமியை வரிசையாக வைக்கலாம். 2021ல் ரேடார் வைத்துப் பாதையை அளந்த நாசா, இன்னும் 100 வருடத்துக்காவது அது மோதாது என்று சொல்லி, ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

அப்படியானால் முதலில் ஏன் பயமுறுத்தினார்கள் என்று ஒரு அப்பா கேட்டார். நல்ல கேள்வி. வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானதும் நாகப்பட்டினத்துக்கும் நெல்லூருக்கும் நடுவே எங்கேயும் கரையைக் கடக்கலாம் என்பார்கள். நாள் ஆக ஆக அந்த அகலம் சுருங்கும். நம் ஊர் அதற்குள் இருக்கும்வரை நமக்கான வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். வெளியே போன மறுநிமிடம் சடாரென்று இறங்கிவிடும். விண்கல் கணக்கும் இதேதான். 2024 டிசம்பரில் கண்டுபிடித்த 2024 ஒய்.ஆர்.4 என்ற கல், நம் எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் இருக்கும். அது 2032ல் பூமியில் மோத 3.1 சதவீதம் வாய்ப்பு என்று 2025 பிப்ரவரியில் சொன்னார்கள். அடுத்த சில நாட்களிலேயே, மேலும் கவனித்ததில், வாய்ப்பு அனேகமாகப் பூஜ்யம் என்றாகிவிட்டது. வீடியோ எடுப்பவர்கள் முதல் செய்தியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

அபோபிஸின் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது 2004 டிசம்பர் 27 அன்று. தேதியைக் கவனியுங்கள். முந்தின நாள்தான் நமக்குச் சுனாமி. அந்த வாரம் நம் வகுப்பறைகளில் கடலோரக் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தன. வானத்தை யார் பார்த்தார்கள்? கண்காணித்துக்கொண்டிருந்த கல் நம்மை ஒன்றும் செய்யவில்லை. இந்தியப் பெருங்கடலில் கண்காணிப்பே இல்லாத அலைதான் கொண்டுபோயிற்று. 2007லிருந்து ஹைதராபாத்தில் அதற்கென எச்சரிக்கை மையம் இருக்கிறது.

எதுவுமே விழாது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது. 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்ததால் முன்கூட்டி யாருக்கும் தெரியவில்லை. பெரிய வெளிச்சம். என்னவென்று பார்க்க எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். மின்னலுக்கப்புறம் இடி வருகிற மாதிரி, ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியெல்லாம் நொறுங்கியது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடியால். அங்கே நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், வெளிச்சத்தைப் பார்த்ததுமே 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. நின்றுகொண்டிருந்த அவருக்குத்தான் கண்ணாடி கிழித்தது. இதை நான் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஆசிரியைகளின் முகம் நினைவுக்கு வரும். எங்கே வெடித்தாலும், பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதே என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

கல்லைத் திருப்பவும் முடியும். எங்கள் அறிவியல் ஆசிரியர் இதைக் கேரம் போர்டில் காட்டினார். பாக்கெட்டை நோக்கிப் போகும் காயினைத் தூரத்திலேயே லேசாக உரசிவிட்டால், வந்து சேர்வதற்குள் விலகிவிடும். பிள்ளைகளுக்கு அடுத்த நொடியே புரிந்துவிட்டது. நம் பேட்டைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், ஆபத்தில்லாத டைமார்ஃபஸ் என்ற கல்லில் வேண்டுமென்றே மோதிப் பார்த்தது. அது தன் தாய்க்கல்லைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட 11 மணி 55 நிமிடத்தில் 32 நிமிடம் குறைந்தது. பாதை மாறிவிட்டது என்று அர்த்தம்.

இது வெளிநாட்டுக்காரர்கள் வேலை என்றும் நினைக்க வேண்டாம். 1861ல் நம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். 1988ல் நம் காவலூர் வானாய்வகத்தில் கண்டுபிடித்த ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

சரி, ஜூன் 30 உலகச் சிறுகோள் தினம். அன்று மாலை 5 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். பிள்ளைகளே கேரம் போர்டில் செய்து காட்டுவார்கள். மீன்பிடித் துறைமுக வேலையில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் தோதுப்படாவிட்டால், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், வேறொரு நாள் காலையில் வைத்துக்கொள்ளலாம். அந்த வீடியோவைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள், கொண்டுவாருங்கள். நிறுத்தி நிறுத்தி, பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்