சூப் கசந்தது உங்கள் கைப்பக்குவத்தால் இல்லை

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கறுப்பு எள் எண்ணெயும் மீசுவா என்கிற மெல்லிய கோதுமை நூடுல்ஸ் கட்டும் சேர்த்து வாங்கிப்போனவர்களுக்குப் பையில் ஒரு துண்டுச்சீட்டு போட்டுக் கொடுத்திருந்தோம். தைவான் கோழி நூடுல்ஸ் சூப் செய்முறை. அதில் மூன்றாவது வரி, 'எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் இஞ்சியைப் போடவும்'. அது தப்பு. எழுதியது நான்தான். 20 வருடமாகத் தாளிக்கிற கை, 'காய்ந்ததும்' என்று தானாக எழுதிவிட்டது. அந்தச் சீட்டை நம்பிச் சமைத்த ஏழெட்டுப் பேர் சூப் கசக்கிறது என்று வந்து சொன்னார்கள், ஒருவர் கஷாயம் மாதிரி இருந்தது என்றார், ஒரு அம்மா கோழியில்தான் கோளாறு என்று கறிக்கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டாராம். பாவம், அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை.

தப்பு எங்கே நடக்கிறது என்றால் எண்ணெயில். நல்லெண்ணெய் வீட்டிலேயே இருக்க இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நம் செக்கில் எள்ளை வறுக்காமல் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். தைவானில் கறுப்பு எள்ளை முதலில் நன்றாக வறுத்து, அப்புறம் பிழிகிறார்கள், அதனால்தான் அந்த நிறமும் மூக்கைத் துளைக்கிற அந்த மணமும். ஏற்கெனவே ஒரு தடவை தீயைப் பார்த்துவிட்ட எள் அது. அதன் எண்ணெயைப் புகைய விட்டால், வறுத்த காபிக்கொட்டையை மறுபடி வாணலியில் போட்ட கதைதான், மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும்.

என் கணவர் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனபோது நாங்கள் 4 வருடம் தைவானில் சின்ச்சு நகரத்தில் இருந்தோம். காற்றுக்குப் பேர்போன ஊர், அந்தக் காற்றில்தான் அங்கே அரிசி நூடுல்ஸ் காயவைப்பார்கள். குளிர்காலத்தில் சன்னலைத் திறக்க முடியாது. நவம்பர் 7 அல்லது 8ஆம் தேதி அவர்கள் நாட்காட்டியில் குளிர்காலம் பிறக்கிற நாள், அன்றைக்கு உடம்புக்குச் சூடு தருகிற எதையாவது சாப்பிட வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கார அம்மா அன்றைக்கு இந்த மாயோஜி செய்வார். மாயோ என்றால் எள் எண்ணெய், ஜி என்றால் கோழி, அவ்வளவுதான் பெயர். முதல் வருடம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாணலி குளிர்ந்து கிடக்கும்போதே எண்ணெயை ஊற்றினார், கூடவே இஞ்சியையும் போட்டார், அதற்கப்புறம்தான் அடுப்பையே பற்றவைத்தார். இஞ்சி என்றால் நார் விழுந்த முற்றல் இஞ்சி, தோலைச் சீவவில்லை, மண் போகத் தேய்த்துக் கழுவிக் காசு காசாக நறுக்கியிருந்தார். நான் கை துறுதுறுக்கத் தீயைக் கூட்டப் போனேன், என் கையைத் தட்டிவிட்டு "மன் மன்" என்றார். மெதுவாக, மெதுவாக. பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆயிற்று. இஞ்சி வில்லைகள் ஓரம் சுருண்டு, வெயிலில் கிடந்த நார்த்தங்காய் வற்றல் மாதிரி சுருங்கின பிறகுதான் கோழி உள்ளே போயிற்று. இத்தனையும் தெரிந்திருந்தும் அந்தச் சீட்டை அப்படி எழுதினேன் பாருங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். எலும்போடு 1 கிலோ கோழிக்கு 100 கிராம் இஞ்சி, 4 மேசைக்கரண்டி எண்ணெய். கோழியின் மேல்புறம் வெளுத்து லேசாகப் பொன்னிறம் தட்டும்வரை பிரட்டிவிட்டு, ஒன்றேகால் லிட்டர் திரவம், கொதி வந்ததும் சிறுதீ. பிராய்லர் என்றால் அரை மணி நேரம் தாராளம், நாட்டுக்கோழி என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து மூடியைத் திறக்காதீர்கள். கோஜி என்கிற சிவப்பு உலர்பழம் வாங்கியிருந்தால் கடைசி 5 நிமிடத்தில் ஒரு கரண்டி. மஞ்சள், மிளகு, பட்டை, சோம்பு எதுவும் வேண்டாம், கை பரபரக்கும், தெரியும், இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரவம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அங்கே அதில் பாதிக்குப் பாதி அரிசி மது, சிலர் தண்ணீரே சேர்க்காமல் முழுக்க மதுவிலேயே வேகவைப்பார்கள். கிட்டத்தட்ட 20 சதவீதம் சாராயம் உள்ள சமையல் மது அது. மதுவைச் சில்லறையில் விற்கிற வேலை நம் மாநிலத்தில் அரசுக்கு மட்டும்தான், அதனால் எங்கள் அலமாரியில் அதைத் தேடாதீர்கள். தைவானிலும் ஒரு காலத்தில் மது தயாரிப்பு அரசின் கையில்தான் இருந்தது. 2002இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது வரி ஏறி இந்தச் சாதாரண சமையல் பாட்டிலின் விலை பல மடங்கு ஆனது, அதற்கு முன்பே சனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கிவைத்தார்களாம், 2010இல் சமையல் மது என்று தனி வகையாக்கி வரியைக் குறைத்த பிறகுதான் விலை இறங்கியது. ஒரு கோழி சூப்புக்காக ஒரு நாடே இவ்வளவு பாடுபட்டிருக்கிறது.

மது இல்லாமல் செய்தால் அது வேறு சூப், ஆனால் நல்ல சூப். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்காக வெறும் தண்ணீரில்தான் வைக்கிறோம். மதுவோடு செய்கிறவர்கள் ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், ஆவி தீப்பிடிக்கும். எவ்வளவு கொதித்தாலும் சாராயம் முழுவதும் போய்விடாது என்பதால் குழந்தைகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் அதைக் கொடுக்க வேண்டாம், குடித்துவிட்டு வண்டியும் எடுக்க வேண்டாம். இன்னொன்று, எங்களிடம் இருக்கிற அரிசி வினிகர் பாட்டிலை அரிசி மது என்று நினைத்து ஒருவர் அரை லிட்டர் ஊற்றிவிட்டார். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத எனக்குத் தைரியமில்லை.

பால் கொடுக்கிற தாய்மார் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு அங்கே கொடுக்கிற முதன்மையான பத்தியச் சாப்பாடே இதுதான். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் வெளியே அனுப்பாமல் வைத்துக் கவனிப்பதை 'மாதம் உட்காருவது' என்கிறார்கள். இஞ்சி, எள் எண்ணெய், கோழி. என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் போனே?" என்றார்.

உப்பு. சமைக்கும்போது போடவே போடாதீர்கள். இந்த சூப்பில் உப்பு விழுந்தால் கசக்கும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு சொல்கிற பேச்சு, பத்தியத்திலும் உப்பு கிடையாது. அது மெய்யோ பொய்யோ, போட வேண்டிய அவசியமில்லை, மீசுவா மாவைப் பிசையும்போதே உப்புச் சேர்த்துத்தான் இழுக்கிறார்கள். அதனால் அதைத் தனிப் பாத்திரத்தில், நிறையத் தண்ணீரில், உப்பில்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் வேகவைத்து வடித்து, கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றுங்கள். சூப்பிலேயே போட்டு வேகவைத்தால் உப்புக் கரித்துக் கூழாகிவிடும். நீளத்தை உடைக்காதீர்கள், அது ஆயுசு நீளம் என்பது அவர்கள் கணக்கு. வெள்ளை மீசுவாதான் இதற்கு, பழுப்பு நிறத்தில் இருப்பது ஆவியில் வேகவைத்தது, சிப்பி போட்டு நேரமெடுத்துக் கொதிக்கவைக்கிற இன்னொரு பண்டத்துக்கு. மீசுவா தீர்ந்திருந்தால் உலர்ந்த அரிசி சேவை பரவாயில்லை. வறுத்த சேமியா வேண்டாம், நான் செய்து பார்த்துவிட்டேன்.

இந்த ஊர் ஈரக்காற்றில் பிரித்த கட்டு நமுத்துப்போகும், டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் தீர்ந்து, கடைக்கு வர நேரமில்லை என்றால் நல்லெண்ணெயிலேயே செய்யலாம், ஒரு கரண்டி கறுப்பு எள்ளை வறுத்துப் பொடித்துக் கடைசியில் சேருங்கள். வியாபாரம் கெட்டாலும் சொல்லத்தானே வேண்டும்.

பழைய துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சூப் கசந்தவர்கள் அடுத்த முறை வரும்போது சொன்னால் போதும், பில் எல்லாம் வேண்டாம், ஒரு கட்டு மீசுவா எங்கள் கணக்கில். சண்டை போட்ட அம்மா மட்டும் இரண்டு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கறிக்கடைக்காரருக்கு.