சுவர் மட்டும் நிற்கும் மைதானம்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் ஒரு காரணம். நீ கேட்டிருந்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது மற்றொரு காரணம். கிரிக்கெட்டில் ஊறி வளர்ந்த நான் பேஸ்பாலில் அப்படி என்னத்தைக் கண்டேன் என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில், நாம் ஆடிய மைதானத்தில் கடைகள் எழும்பிவிட்டன என்ற செய்தியைப் போகிற போக்கில் எழுதியிருந்தாய். சென்ற வார இறுதியில் பிட்ஸ்பர்க், கிளீவ்லாந்து ஆகிய இரு ஊர்களுக்கும் போய் வந்த பிறகு, உன் கேள்வியும் அந்தச் செய்தியும் என் மனத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு ஊர் அணிகளும் ஒரே வார இறுதியில் சொந்த மைதானத்தில் ஆடுவது எல்லா வாரமும் அமைவதில்லை. அட்டவணையைப் பார்த்து நாளைக் குறித்தவன் என் மகன். காரை ஓட்டியவனும் அவனே. இங்கிருந்து பிட்ஸ்பர்க் ஏறத்தாழ 185 மைல், அங்கிருந்து கிளீவ்லாந்து 130 மைல், கிளீவ்லாந்திலிருந்து வீட்டுக்கு 145 மைல் என்று பயணம் ஒரு முக்கோணமாக அமைந்தது. சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை; இருபுறமும் சோளக்கொல்லை, பிறகு குன்றுகள், அவ்வளவுதான்.

பேஸ்பால் மைதானத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உள்வட்டத்தில் எல்லாமே அங்குலக் கணக்கு. ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 90 அடி, பந்து எறிபவனுக்கும் மட்டையாளன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். எந்த ஊருக்குப் போனாலும் இது மாறாது. ஆனால் வெளிச்சுவர் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஊரின் தெருக்களும் ஆறும் பக்கத்து வீடுகளும் விட்ட இடத்தைப் பொறுத்து ஒவ்வொரு மைதானமும் தனக்கென ஒரு முகத்தைப் பெற்றுவிடுகிறது. ஓர் ஊரில் சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாகும் அடி இன்னோர் ஊரில் கேட்ச் ஆகிவிடும். தென்னை மரத்தில் பட்டால் இரண்டு, கிணற்றைத் தாண்டினால் நான்கு என்று விதி வகுத்து ஆடிய நமக்கு இது புரியாததா என்ன!

பிட்ஸ்பர்க்கின் மைதானம் 2001இல் திறக்கப்பட்டது. அலெகெனி ஆற்றின் கரையில், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அக்கரையின் கட்டடங்களையும் மஞ்சள் நிறப் பாலத்தையும் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ஆட்ட நாளில் அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுகிறார்கள். பாலத்துக்கு ராபர்ட்டோ கிளமென்டேயின் பெயர். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, 18 பருவங்கள் இந்த ஊருக்கே ஆடி, சரியாக 3,000 ஹிட்டுகளோடு (பேஸை எட்ட வைக்கும் அடிகளோடு) 1972ஆம் ஆண்டுப் பருவத்தை முடித்தவர். அந்த ஆண்டின் கடைசி நாளில், நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். அவர் காத்து நின்ற வலப்பக்கத்தின் சுவர் 21 அடி உயரம். அவருடைய சட்டை எண்ணும் 21. சிலை வைப்பதை எல்லா ஊரும் செய்யும். சுவரின் உயரத்தில் ஒருவரை நினைவு வைப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

இந்த அணி 2008இல் இந்தியாவிலிருந்து இரண்டு இளைஞர்களை ஒப்பந்தம் செய்தது உனக்கு நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். கீழ்நிலை அணிகளோடு அவர்களுடைய பயணம் நின்றுவிட்டது. இந்த மைதானத்தின் நடுமேட்டில் நின்று எறியும் வாய்ப்பு அமையவில்லை. வெள்ளி இரவு அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது அவர்களை நினைத்துக்கொண்டேன். அன்று உள்ளூர் அணி தோற்றது. பக்கத்து இருக்கைக் கிழவர் அதில் வியப்படைந்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பென் ஹில்ஸ் குன்றின்மீதுள்ள வேங்கடேசுவரர் கோவிலுக்குப் போய்விட்டு, புளியோதரையும் சாப்பிட்டுவிட்டு, நான் உண்மையில் பார்க்க விரும்பிய இடத்துக்குப் போனோம். ஃபோர்ப்ஸ் ஃபீல்டு 1909இல் கட்டப்பட்டு 1970இல் மூடப்பட்ட, பிட்ஸ்பர்க் அணியின் பழைய மைதானம். அந்த நிலத்தில் இப்போது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் வெளிச்சுவரில் ஒரு துண்டை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். கொடி படர்ந்த செங்கல் சுவர். அதன்மேல், ஹோம் பிளேட்டிலிருந்து அந்த இடத்துக்குள்ள தூரம் 457 அடி என்று வெள்ளையில் எழுதியிருக்கிறது. அளக்கத் தொடங்கிய இடம் போய்விட்டது, அளவு மட்டும் சுவரில் நிற்கிறது.

1960 அக்டோபர் 13 அன்று, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில், பிட்ஸ்பர்க் அணியின் பில் மாசெரோஸ்கி அடித்த பந்து இந்த மைதானத்தின் இடப்பக்கச் சுவரைத் தாண்டியதும் நியூயார்க் யாங்கீஸ் அணி 10-9 என்று தோற்றது. ஆண்டுதோறும் அதே நாளில் சுவரடியில் ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள். அன்றைய வானொலி வருணனையின் ஒலிப்பதிவை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தை ஆண்டுதோறும் கேட்பதா என்று என் மகன் சிரித்தான். நம் ஊர்த் தெருக்கூத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்துதானே விடிய விடிய உட்கார்ந்திருந்தோம் என்றேன்.

பழைய ஹோம் பிளேட் அருகிலுள்ள வகுப்பறைக் கட்டடம் ஒன்றின் தரையில், கண்ணாடிக்குக் கீழே பதிக்கப்பட்டிருக்கிறது. அது சரியான இடம் அன்று, சற்றுத் தள்ளி இருந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. மாணவர்கள் அதை மிதித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

இந்த ஊருக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஜாஷ் கிப்சன் இங்கே கறுப்பினத்தவருக்கான தனி அணிகளில் ஆடியவர். நிறத்தின் காரணமாக, உச்சநிலைப் போட்டியான பெரிய லீகில் இடமே கிடைக்காமல், 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதங்கள் கழித்து, கறுப்பின ஆட்டக்காரரான ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் ஆடி அந்தக் கதவைத் திறந்தார். தனி லீகுகளின் புள்ளிவிவரங்களையும் 2024இல் பெரிய லீகின் கணக்கில் சேர்த்தபோது, கிப்சனின் மட்டைச் சராசரியான .372, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் .367ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. கணக்கேட்டில் ஏற அவருக்கு இறந்தபின் 77 ஆண்டுகள் தேவைப்பட்டன. இதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளீவ்லாந்தில் மாலை ஆட்டத்துக்கு முன் லீக் பார்க்கைப் பார்த்தோம். 1891இல் தொடங்கிய மைதானம். பக்கத்து நிலக்காரர்கள் விற்க மறுத்ததால் வலப்பக்கச் சுவர் வெறும் 290 அடியிலேயே நின்றுவிட்டது. ஈடாகச் சுவரை 40 அடி உயரத்துக்கு எழுப்பினார்கள். புகழ்பெற்ற மட்டையாளர் பேப் ரூத் தம் 500ஆவது ஹோம் ரன்னை 1929இல் இங்கேதான் அடித்தார். பழைய டிக்கெட் கட்டடம் இன்னும் நிற்கிறது. நகராட்சி திருத்தியமைத்த திடலில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்ப்ஸைவிட எனக்கு இதுவே பிடித்தது.

மாலை ஆட்டத்தில் மழை புகுந்து ஒன்றரை மணி நேரம் தார்ப்பாய் விரித்தார்கள். மேடைக் கட்டடத்தின் கீழ் ஒதுங்காமல் வெளிச்சுவருக்கு மேலுள்ள பலகை இருக்கைகளைச் சுற்றி வந்தபோது, வெண்கலத்தில் வார்த்த ஒரு முரசைப் பார்த்தேன். ஜான் ஆடம்ஸ் என்ற ரசிகர் 1973இலிருந்து பல பத்தாண்டுகள், முதலில் பழைய மைதானத்திலும் பிறகு இங்கேயும், பலகை இருக்கைகளில் உட்கார்ந்து அணிக்காக முரசடித்தவர். முரசுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குவாராம். 2023இல் இறந்துவிட்டார். ஆட்டக்காரர்கள் சிலருக்குச் சிலை வெளியே, ரசிகனின் முரசு உள்ளே. நீ மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தட்டி எதிரணிப் பந்துவீச்சாளரை அழவைத்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்து, நனைந்துகொண்டே சிறிது நேரம் நின்றேன். உன் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன்: ஆட்டம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, இடம் பிடித்துவிட்டது.

வரும் தை மாதம் ஊருக்கு வருகிறேன். அதற்குள் ஒரு வேலை செய். அந்தக் கடைகளுக்குள் போய், கிணற்றிலிருந்து அடியெடுத்து அளந்து, நம் கிரீஸ் எந்தக் கடைக்குள் வருகிறது என்று பார்த்து எழுது. கிணற்றையும் மூடிவிட்டார்கள் என்றால் தென்னையிலிருந்து அள. அந்தக் கணக்கு எனக்கு மறந்துவிட்டது, உனக்கு மறந்திருக்காது. ஜவுளிக்கடைக்குள் வந்தால் உனக்கு ஒரு வேட்டி எடுத்துத் தருகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய விக்கெட் கீப்பர்