சொட்டு மருந்தையும் சொல்லிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடைமழை தொடங்கியதும் ஆஸ்துமாக்காரர்களுக்கு அறிவுரைகள் குவியும்: பனியில் போகாதே, தூசி தட்டாதே, ஊதுவத்தி ஏற்றாதே. வேறு நோய்க்கு எடுக்கும் மருந்தும் இழுப்பைக் கிளப்பலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் சந்தேகம் வலி மாத்திரை மேல்தான் விழ வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் ஆகியவை காக்ஸ்-1 என்ற நொதியைத் தடுப்பவை. அது தடைபட்டால், மூச்சுக்குழாயைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஒன்று குறைந்து, குழாயைச் சுருக்கும் லியூகோட்ரையீன் பெருகும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 100க்கு ஏறத்தாழ 7 பேருக்கு இது ஒத்துக்கொள்ளாது. கடுமையான ஆஸ்துமா என்றால் அந்தக் கணக்கு இரட்டிப்பாகும். மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி அடைக்கும், கண் சிவக்கும், பிறகு இழுப்பு. இதைத் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ காட்டிக்கொடுக்காது. பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும் என்பதால், ‘இத்தனை வருஷமா இதைத்தானே போடுறேன்’ என்ற வாதமும் செல்லாது. மூக்கில் சதை வளர்ந்து வாசனையே தெரியாத ஆஸ்துமாக்காரர் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நம் கடைகளில் வம்பு செய்வது கூட்டு மாத்திரை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேட்டவரிடம், ‘இது இன்னும் நல்லா கேக்கும்’ என்று 400 மி.கி. ஐபுப்ரோஃபெனும் 325 மி.கி. பாராசிட்டமாலும் கலந்ததை வெட்டிக் கொடுக்கிறார்கள். மூட்டுவலிக்குப் போகும் மாத்திரையில் அதே வகையான அசெக்ளோஃபெனாக் ஒளிந்திருக்கும். அட்டையில் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். தனிப் பாராசிட்டமால் 500 மி.கி. அநேகமாக எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் 1,000 மி.கி. போட்டால், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு மூச்சு முட்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தை ஊசியாகப் போட்டாலும் வினை அதேதான்.

இதைவிட ஏமாற்றுவது கண் சொட்டு. கண் அழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடிய வகை மருந்து. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு மருத்துவரிடம் மருந்துகளை ஒப்பிக்கும்போது சொட்டு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கண் மருத்துவரிடம் வீசிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரிமோனிடின், டார்சோலமைடு ஆகிய வேறு கண் அழுத்த மருந்துகளோடு டிமோலாலைச் சேர்த்த சொட்டுகளும் உண்டு. சொட்டு விட்டபின் கண்ணின் உள்மூலையை இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் சேருவது குறையும். ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. லட்டனோபிராஸ்ட் போன்ற மாற்று இருக்கிறதா என்று கேட்பதே சரி.

ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் தைராய்டு படபடப்புக்கும் எழுதும் புரோப்ரனலாலும் இதே வகை. இதில் கூடுதல் ஆபத்து ஒன்று: அவசரத்துக்கு இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் வேலை செய்யும் இடத்தையே இது அடைத்துக்கொள்ளும். வழக்கமான பஃப் கேட்கவில்லை என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். அப்போது இப்ராட்ரோபியம் போன்ற வேறு வகை மருந்து தேவைப்படலாம்.

ரத்த அழுத்தத்துக்கான எனலாபிரில், ராமிபிரில் தரும் வறட்டு இருமல் ஆஸ்துமா அல்ல. அது தெரியாமல் இன்ஹேலரைக் கூட்டிக்கொண்டே போவது வீண். மருத்துவர் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். இதய நோயாளிக்கு 75 மி.கி. ஆஸ்பிரின் உயிர்க்காப்பு, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவமனையில் வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் பழக்கப்படுத்தும் முறை உண்டு. மாத்திரை, சொட்டு, ஊசி, தைலம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, எதை எடுத்த எத்தனை மணி நேரத்தில் மூச்சு இறுகியது என்று பக்கத்தில் குறித்து, மருத்துவரிடம் நீட்டுங்கள். மருந்துக்கடைக்காரர்களும் வலி மாத்திரையை வெட்டும் முன் ‘வீசிங் உண்டா?’ என்று கேட்கலாம். அதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்