வோலட்டைல் போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கல்வி இணைப்பில் எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதும் வேலைக்குப் போகிறவர்களுக்கான நேர்காணல் கேள்வி பதில் வந்திருந்தது. பெரும்பாலும் சரிதான், ஆனால் இன்டரப்டும் (ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்திப் புகுந்து ஓடும் சின்ன ரொட்டீன்) மெயின் புரோகிராமும் சேர்ந்து தொடுகிற வேரியபிளுக்கு சி மொழியின் வோலட்டைல் என்ற சொல்லைப் போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை என்ற பதில் தப்பு. இங்கே தக்கலை, நாகர்கோவில் பக்கம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ணி வைவாவில் அப்படியே ஒப்பிப்பார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் இருப்பதாலோ என்னவோ, காற்றின் வேகத்தை அளக்கும் ப்ராஜெக்ட் நம் மாவட்டத்தில் அடிக்கடி கண்ணில் படும். கிண்ணம் சுற்றச் சுற்ற பல்ஸ் வரும், இன்டரப்ட் ரொட்டீன் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், மெயின் லூப் அவ்வப்போது அந்த எண்ணைப் படித்துக் கணக்குப் போடும். இதற்குப் பயன்படும் அர்டுயினோ யூனோ போர்டில் (ஆர்3 வரை) இருப்பது ஏவிஆர் என்ற 8 பிட் சிப், ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் எடுக்கும். அதில் இன்ட் என்ற முழு எண் வகை 2 பைட், ஒரே மூச்சில் படிக்க முடியாது. எண்ணிக்கை 255 ஆக இருக்கும்போது மெயின் லூப் கீழ் பைட்டை, அதாவது 255ஐ, எடுத்துவிட்டது என்று வையுங்கள். அதே சமயம் ஒரு பல்ஸ் வந்து எண்ணிக்கை 256 ஆகிறது. அப்புறம் மேல் பைட்டைப் படித்தால் 1 கிடைக்கும். மேல் பைட்டில் 1 என்றால் 256, அதோடு 255 சேர்ந்தால் 511. காற்று கொஞ்சமாக அடிக்கும்போதே திரையில் புயல்!

வோலட்டைல் இதைத் தடுக்காது. சிப்புக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் பதுக்கி வைக்காதே, ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே எடு என்று கம்பைலரிடம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. படிக்கிற அந்தச் சின்ன நேரத்துக்கு இன்டரப்டை நிறுத்தி, எண்ணை நகல் எடுத்துக்கொண்டு, மறுபடி திறந்துவிட வேண்டும். ஏவிஆர் லைப்ரரியில் இதற்கென்றே அட்டாமிக் பிளாக் என்ற மேக்ரோ இருக்கிறது; அட்டாமிக் என்றால் நடுவே எதுவும் புக முடியாதது. 32 பிட் சிப்புக்கு மாறினால் தீர்ந்தது என்பார்கள் சிலர். படிப்பது வேண்டுமானால் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில் முடியும், ஆனால் ஏஆர்எம் வகை 32 பிட் சிப்பில் சாதாரணமாக ஒன்றைக் கூட்டுவது என்பது எடு, கூட்டு, திருப்பி வை என்று மூன்று வேலைதான், நடுவே யாரும் புகலாம். சி மொழியில் 2011 தரத்திலேயே அட்டாமிக் வகைகள் வந்துவிட்டன, சிலபஸ்தான் இன்னும் வரவில்லை.

த்ரெட் சேஃப் (பல த்ரெட்டுகள், அதாவது ஒரே புரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள், ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் கெடாதது) என்றாலே ரீஎன்ட்ரன்ட்தான் (பாதியில் நிற்கும்போதே மறுபடி கூப்பிட்டாலும் கெடாதது) என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அதுவும் இல்லை. உள்ளே மியூடெக்ஸ் என்ற பூட்டைப் போட்டுப் பூட்டிக்கொள்கிற ஃபங்ஷன் த்ரெட்டுகளுக்குப் பத்திரம்தான். ஆனால் பூட்டியிருக்கும்போதே சிக்னல் (இன்டரப்ட் மாதிரி புரோகிராமுக்கு நடுவில் வரும் அழைப்பு) வந்து, அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் அதே ஃபங்ஷனை அதே த்ரெட்டில் கூப்பிட்டால், தான் போட்ட பூட்டைத் தானே திறக்கக் காத்து அப்படியே நின்றுவிடும். மெமரி கேட்கும் மாலாக், திரையில் எழுதும் பிரின்ட்எஃப் இரண்டையும் சிக்னல் ஹேண்ட்லரில் கூப்பிடக் கூடாது என்பது இதனால்தான். சரத்தைத் (எழுத்துத் தொடரை) துண்டு துண்டாகப் பிரிக்கும் எஸ்டிஆர்டோக் இன்னொரு வகை, எங்கே விட்டோம் என்பதை உள்ளேயே ஒரு ஸ்டாட்டிக் பாயின்டரில் வைத்துக்கொள்வதால் நடுவில் இன்னொரு சரத்தைப் பிரித்தால் முதல் சரத்தின் இடம் தொலைந்துவிடும். அதற்காகத்தான் எஸ்டிஆர்டோக்_ஆர் வந்தது, அந்த இடத்தை நாமே வைத்துக்கொள்கிறோம்.

லேபில் ஓடியதே என்று சிலர் கேட்கக்கூடும். தெரக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரமும் ஓடத்தான் செய்தது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. காரணங்களில் ஒன்று இந்த மாதிரி நேரம் இசகுபிசகாக ஒத்துப்போகும்போது மட்டும் தலைகாட்டும் பிழை.

அந்த இரண்டு பதில்களுக்கும் அடுத்த இணைப்பில் திருத்தம் போடுங்கள். முடிந்தால் அந்த 255, 256 கணக்கையும் சேர்த்து.

இப்படிக்கு,
எம்பெடட் புரோகிராமர் ஒருவர்,
தக்கலை.