அக்காவுக்கு: 293318625600

அன்புள்ள அக்கா,

முடிவெடுத்துவிட்டேன். ஜூன் மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. கணிதத்தில் சேருகிறேன். உன் நீள நோட்டை உன்னைக் கேட்காமல் எடுத்துவந்துவிட்டேன், மன்னித்துவிடு. பரணில் கிடந்ததைத்தானே எடுத்தேன்? நீ ஒரு தடவையாவது அதைத் தேடியிருந்தால் கேட்டிருப்பேன்.

திறந்ததும் நாம் அந்த எண்ணைக் கண்டுபிடித்த நாளின் பக்கம்தான் வந்தது. அன்றைக்கு ராமானுஜனின் 1915 கட்டுரையின் ஜெராக்ஸைக் கூடத்துத் தரையில் பரப்பிவைத்திருந்தாய். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களின் அட்டவணை. பென்சிலோடு வரிவரியாக இறங்கியவள் ஓரிடத்தில் நின்றாய். 240940299600, காரணிகள் 4800. அடுத்த வரி 321253732800, காரணிகள் 5376.

"நடுவுல ஒண்ணு இருக்கணும்டி."

என்னையே கண்டுபிடிக்க வைத்தாய். 2-க்கு அடுக்கு 6, 3-க்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. எல்லாவற்றையும் பெருக்கினால் 293318625600. அதன் காரணிகளை எண்ண, அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கச் சொன்னாய். 7, 5, 3, 3, நான்கு 2. வந்தது 5040. உன் விரலெல்லாம் பென்சில் கரி. அவ்வளவு சந்தோஷமாக உன்னை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ராமானுஜன் அந்த எண்ணை விட்டது ஏற்கெனவே பலருக்குத் தெரியும் என்று அறிந்துதான் நீ நோட்டை மூடினாய் என வீட்டில் சொல்வார்கள். காரணம் அது இல்லை. எது என்று இங்கே எழுதமாட்டேன், சொந்தக்காரர்களும் இதைப் படிக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னை வேறு யாரும் தடுக்கவில்லை, நீதான் தடுத்தாய். "கணக்கு சோறு போடாது, பேங்க் பரீட்சை எழுது" என்றாய். எழுதினேன். என் நல்லதுக்குத்தான் சொன்னாய் என்று தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

நேற்று ஒன்று கண்ணில் பட்டது. அட்டவணையின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பார். நம் எண்ணே வரும்! அவர் எழுதாமல் விட்டதன் 23 மடங்கைத்தான் கடைசியில் எழுதியிருக்கிறார். அதன் காரணிகள் 10080, சரியாக இரண்டு மடங்கு. 5040, 10080 இரண்டுமே அந்த அட்டவணையில் இருக்கிற அதே வகை எண்கள்தான். 4800-உம் 5376-உம் அப்படி இல்லை. உன் நோட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை. நீ தொடர்ந்திருந்தால் எனக்கு முன்னால் பார்த்திருப்பாய்.

போர்க்காலத்தில் லண்டன் கணிதச் சங்கத்துக்குக் காசு நெருக்கடி, அதனால் அந்தக் கட்டுரை முழுதாக வரவில்லை. மீதி 1997-இல் அச்சானது. அதன் பிரதி ஒன்றை உனக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். படித்துவிட்டு எழுது. திட்டி எழுதினாலும் சரி.

தங்கை